பட்டியலில் ஏறாத இழப்பு: சென்னையைச் சுற்றிய கிராமங்களும் மாறும் பருவமும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது சென்னை பெருமளவு தப்பித்துக்கொண்டது. விமான நிலையம் பல மணி நேரம் மூடப்பட்டது, தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது, மறுநாள் விடிந்ததும் தொலைக்காட்சிகளின் கவனம் தெற்கே போய்விட்டது. கரையைக் கடந்த பிறகும் விலகாமல் பல மணி நேரம் அங்கேயே நிலைகொண்ட அந்தப் புயல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணையின் இரு கரைகளிலும் இருந்த ஊர்களும் வயல்களும் மூழ்கின.

அடுத்த நாளே மாநில அரசு நிவாரணத்தை அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாய். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த நெல் உள்ளிட்ட இறவைப் பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. மானாவாரிப் பயிர்களுக்கு 8,500. இறந்துபோன பசு, எருதுக்கு 37,500. ஆடு ஒன்றுக்கு 4,000. கோழி ஒன்றுக்கு 100. சேதமடைந்த குடிசைக்கு 10,000. பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு வகுத்திருக்கும் நெறிமுறையை ஒட்டியே இந்தத் தொகைகளில் பல அமைந்திருந்தன என்பதால், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் பட்டியலின் வடிவம் அதிகம் மாறியிருக்காது.

எதை இழப்பு என்று அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. நிலத்தில் நிற்கும் பயிர், கொட்டகையில் கட்டிய மாடு, கூரை, கோழி என்று எல்லாமே உடைமைகள். கோழிக்குக்கூட விலை வைத்திருக்கும் பட்டியலில், மூழ்கிய அந்த வயலில் களை எடுத்துக் கூலி வாங்கியிருக்க வேண்டிய பெண்ணின் இழப்புக்கு ஒரு வரிகூட இல்லை. அவருக்குக் கிடைப்பது குடும்ப அட்டைக்குரிய 2,000 ரூபாய் மட்டுமே. 2024–25ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்டிருந்த நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் 2,000 ரூபாய் என்பது ஏறத்தாழ மூன்று நாள் வருமானம். ஆனால் நவம்பர் இறுதியில் சம்பாப் பயிர் அழுகிவிட்டால், அந்த வயலில் மிச்சமிருந்த களையெடுப்பும், பொங்கலையொட்டி வரும் அறுவடையும், நெல் தூற்றலும், மூட்டை ஏற்றலும் எல்லாமே போய்விடுகின்றன. நிலத்துக்காரர் நிரம்பிய ஏரியையும் ஊறிய கிணற்றையும் நம்பி அடுத்த நெல் பருவமான நவரைப் பட்டத்துக்கு மீண்டும் நாற்று விடும்வரை கூலிக்குப் போக ஊருக்குள் இடமில்லை.

இதே அரசு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைக்கும் சுற்றியுள்ள வட்டங்களுக்கும் 6,000 ரூபாய் கொடுத்தது. ஃபெஞ்சலுக்கு ஏன் 2,000 என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நகரத்துக்கு ஒரு நீதி, நாட்டுப்புறத்துக்கு ஒரு நீதி என்று இதைச் சுருக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் அதே 2023 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கும் 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. எனக்குத் தோன்றுவது வேறு: 2,000, 6,000 ஆகிய எந்தத் தொகைக்கும் பின்னால் கூலிக்கார வீடு ஒன்று என்ன இழந்தது என்ற கணக்கு இல்லை. ஹெக்டேருக்கு 17,000 என்பது சாகுபடிச் செலவோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ள எண். அட்டைக்கு 2,000 என்பது கருவூலத்தின் கையிருப்பைப் பொறுத்த எண்.

மயிலம் மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதலாமா என்பதில் எச்சரிக்கை தேவை. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிடப் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்டதாக ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். சூடேறிவரும் வங்கக் கடலின் மேல் உருவாகும் புயல் அதிக ஈரத்தைச் சுமந்து வந்து குறைந்த நேரத்தில் கொட்டுவதற்கு இதுவே அடிப்படை. ஆனால் ஒவ்வொரு பெருமழையையும் தனியாக எடுத்து இது புவி வெப்பமாதலால் வந்தது என்று முத்திரை குத்த இயலாது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்து அடுத்த ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, அந்த ஒரு நாள் மழையில் வெப்பமாதலின் தாக்கத்தைக் கண்டறிய முடியவில்லை என்றும், காற்றில் கலந்திருக்கும் நுண்துகள் மாசு அதை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் சொன்னது. கட்டுரை எழுதுபவர்கள் விரும்பும் பதில் இதுவல்ல, ஆனாலும் அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

கிராமத்தைப் பொறுத்தவரை தனியொரு மழையைவிட முக்கியமானது அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இடையிலான ஊசலாட்டம். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஏரிகள் பலவற்றின் கரைகள் உடைந்தன. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்ததே தவிர ஏரிகளை நிரப்பவில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு மழையும் பொய்த்து, 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் தரை தெரிந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே ஏரி உடைந்தும் போனது, வறண்டும் போனது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை, அதாவது இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களை, ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தச் சமவெளியில் பாலாறு, கொசஸ்தலையாறு, ஆரணியாறு ஆகியவற்றின் மழைக்கால ஓட்டத்தையும் வயல்வெளியில் வழிந்தோடும் நீரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஆயிரக்கணக்கான ஏரிகள் பிடித்துவைத்தன. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அந்த வாரியத்தில் அமர நிலமும் மனையும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன என்பது அதே கல்வெட்டில் இருந்தாலும் பெருமையோடு சொல்லப்படுவதில்லை. ஏரி ஊருக்கே பொதுவானதாக இருந்தாலும் அதன் நீர் பாயும் ஆயக்கட்டு நிலம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை.

இந்த வட்டாரத்தில் நிலம் யாரிடம் இல்லை என்பதற்கு அரசின் சொந்த ஆவணமே உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நிலமும் மனையும் இன்றி நில உடைமையாளர்களைச் சார்ந்து வாழும் நிலையை விவரித்து 1891இல் அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒதுக்கியவையே பஞ்சமி நிலங்கள். அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க 1994இல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். நிவாரணப் பட்டியலில் ஹெக்டேர் கணக்கு முதலிடம் பெறும்போது, நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த ஏற்றத்தாழ்வே மறுபடியும் பண வடிவம் எடுக்கிறது.

வெள்ளத்தைவிட வறட்சியில் இந்த ஏற்றத்தாழ்வு கூர்மையாகத் தெரியும், அதில் சென்னைக்கும் நேரடிப் பங்கு உண்டு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது நாடு முழுவதும் செய்தியானது. ஆனால் அந்தக் கோடையில் நகரத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் இரவும் பகலும் வரிசைகட்டிய தண்ணீர் லாரிகளுக்கு உரியது. அவற்றில் பல நிரம்பியவை சுற்று மாவட்டங்களின் வயல் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும்தான். மழை பொய்த்த ஆண்டில் பயிர் வைத்து நட்டப்படுவதைவிட லாரிக்குத் தண்ணீர் விடுவது கிணற்றுக்காரருக்கு லாபம். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, கடனில் இருப்பவர் கிடைத்த வருமானத்தை விடமாட்டார். ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட கணத்தில் நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் அந்த நிலத்தைவிட்டு வெளியேறுகின்றன. லாரிக்குக் குழாய் பிடிக்க ஓர் ஆள் போதும். வறட்சி நிலத்துக்காரரின் தொழிலை மாற்றுகிறது, கூலிக்காரரின் தொழிலை ஒழிக்கிறது. கூடவே, ஆழத்தில் உறிஞ்ச உறிஞ்ச அக்கம்பக்கத்து மேலோட்டக் கிணறுகளும் ஊராட்சியின் கைப்பம்புகளும் வற்றுவதால், அதே கூலிக்கார வீட்டுப் பெண்கள் குடிநீருக்குக் கூடுதல் தூரம் நடக்கிறார்கள்.

இது 2019இல் முளைத்த பழக்கம் அன்று. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் நகரத் தேவைக்கென்று அரசே கிணற்றுத் தொகுதிகளை அமைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்தடி நீரை எடுப்பதையும் லாரியில் கொண்டுசெல்வதையும் ஒழுங்குபடுத்த 1987இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கடுமை லாரிகளின் எண்ணிக்கையில் தெரியவில்லை. நகரத்தின் ஐந்தாவது நீர்த்தேக்கமாக 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை ஏரியும் விளைநிலங்களைக் கையகப்படுத்தி உருவானதே. அங்கும் இழப்பீடு போய்ச் சேர்ந்தது பட்டாவைத் தேடி.

நிலத்தில் வேலை இல்லாதபோது அடுத்த வாசல் செங்கல் சூளை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் கல் அறுப்பு பொங்கலுக்குப் பிறகு தொடங்கி ஆடி மாதத்துக்குள் முடியும். ஆனால் சூளைக்கு ஆள் சேர்ப்பது அதற்கு முன், மழைக்காலத்தில் நடக்கிறது. வெள்ளத்தாலோ வறட்சியாலோ சம்பா கைவிட்ட ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கையில் காசில்லாத குடும்பம் முன்பணம் வாங்குகிறது. அந்தப் பணம் வேலையில் கழிந்து அடையும்வரை கணவன், மனைவி, பல நேரம் குழந்தைகளும் சூளையிலேயே தங்க வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் என்பதால், சித்திரையில் எதிர்பாராத மழை பெய்து காயவைத்த பச்சைக் கல் கரைந்தால் அந்த உழைப்பு பல சூளைகளில் கணக்கில் வராமலே போகிறது, கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இன்றும் இந்த மாவட்டங்களில் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் வருவாய்த் துறை குடும்பங்களை மீட்டு விடுதலைச் சான்று வழங்கும் செய்திகள் வருகின்றன. பருவம் தவறுவதற்கும் கொத்தடிமைக்கும் நடுவே இருக்கும் சங்கிலி இந்த முன்பணம். பேரிடர் மேலாண்மை குறித்த ஆவணங்களில் அது பேசப்படுவதில்லை.

அப்படி மீட்கப்படுபவர்களில் இருளர்கள் மிகுதி. மத்திய அரசு தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக வகைப்படுத்தியிருக்கும் ஆறு பழங்குடிகளில் அவர்களும் ஒருவர். பாம்பு பிடிப்பதும், அறுவடைக்குப் பின் வரப்பைத் தோண்டி எலி பிடித்து வளையில் சேர்ந்திருக்கும் நெல்லை எடுத்துக்கொள்வதும், ஏரியிலும் உப்பங்கழியிலும் மீன், நண்டு பிடிப்பதும், பண்ணையில் காவல் இருப்பதும் அவர்களுடைய தொழில்கள். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு 1978இல் உருவான வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். அதன் உறுப்பினர்கள் சமூகத்தில் மிகச் சிறு பகுதி. மற்றவர்கள் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் ஓலைக்கூரை, தார்ப்பாய்க்கூரை வீடுகளில் இருக்கிறார்கள். எனவே ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் புகுவது அவர்கள் வீட்டில். வயல் நீரில் நின்றால் எலி இல்லை, வறண்டால் மீன் இல்லை.

அவர்களுக்கு இன்னொரு சிக்கல் காகிதம். நிவாரணம் குடும்ப அட்டையின் வழி, வீட்டு உதவி மனைப்பட்டாவின் வழி, பிள்ளைகளின் உதவித்தொகை சாதிச் சான்றின் வழி வருகிறது. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பத்திடம் இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் குறையும், இருந்ததையும் வெள்ளம் கொண்டுபோகும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட சட்டம் நல்ல நோக்கம் கொண்டது, நீதிமன்றங்களும் அதை வலியுறுத்துகின்றன. ஆனால் மனை கொடுக்காமல் குடிசையை மட்டும் அகற்றும்போது அந்தக் குடும்பம் அடுத்த புறம்போக்குக்குப் போகிறது, பெரும்பாலும் இன்னும் தாழ்வான இடத்துக்கு.

பழவேற்காட்டில் இதன் கடலோர வடிவத்தைக் காணலாம். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கடலோடு இணையும் முகத்துவாரம் மணல் மேவி அடைபடுவது நெடுநாள் சிக்கல். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீரோடு உள்ளே வரும் இறால் குஞ்சுகளின் வரத்து குறைகிறது, கோடையில் ஏரி வற்றி உப்பு ஏறுகிறது, பெருமழையில் வடியாத நன்னீர் நிரம்பி உப்புத் தன்மை சட்டென்று சரிகிறது. இரண்டுமே மீனுக்கு ஒவ்வாது. மணல் மேவுவதற்குக் காலநிலையை மட்டும் காரணம் காட்ட முடியாது, ஏனென்றால் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் அலைத்தடுப்புச் சுவர்கள் கரையோர மணல் ஓட்டத்தை மாற்றியதை மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை என்ற பழைய ஏற்பாட்டின்படி மீனவ ஊர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. பாடு இல்லாத இருளர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஊர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள், அவர்களில் பெண்கள் மிகுதி. நிவாரண நெறிமுறையில் சேதமடைந்த படகுக்கும் வலைக்கும் தொகை உண்டு. கையால் பிடிப்பவர்களுக்கு அந்தத் தலைப்பின்கீழ் கேட்டு வாங்க ஒன்றும் இல்லை.

வெப்பம் இந்த வரிசையில் கடைசியாகப் பேசப்படுவதற்குக் காரணம், அது எதையும் இடித்துத் தள்ளுவதில்லை. கடலோர மாவட்டங்களில் வெப்பமானி காட்டும் அளவைவிட ஈரப்பதம் சேர்ந்த புழுக்கமே உடலை வாட்டுகிறது, வியர்வை ஆவியாகாதபோது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களையும் உள்ளடக்கி 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், பணியிடத்தில் மிகு வெப்பத்துக்கு ஆளான பெண்களிடம் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. விடியலில் வயலில் இறங்கி முற்பகலுக்குள் கரையேறிவிடும் வேலைமுறையை உழவுக் கூலிகள் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்கள். நாள் கூலிக்கு இது ஓரளவு சரிப்படும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வேலை செய்பவர் முற்பகலோடு நிறுத்தினால் அன்றைய வருமானத்தில் பாதி போய்விடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இந்தியாவில் பல மாநிலங்கள் இன்னும் செய்யாத ஒன்று. அதன்படி வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். இறக்காமல், வேலையை மட்டும் இழந்தவரைப் பற்றி இங்கும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

நிலம் இல்லாதவர்களுக்கும் நிலம் உள்ளவர்களுக்கும் நடுவே குத்தகைதாரர்கள் இருக்கிறார்கள். குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருந்தும் குத்தகைகளில் பெரும்பகுதி வாய்மொழியாகவே நடக்கிறது, ஏனென்றால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் உரிமையாளருக்கு. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி சொல்கிறது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கின் சான்று, வேண்டும்; அடங்கலில் யார் பெயர் ஏறும் என்பதை ஊரின் அதிகார உறவுகள் தீர்மானிக்கின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டம் நில உடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே. ஆக, மழை நனைத்த நெல்லை 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் காயவைக்கச் சாலையோரம் கிளறிக்கொண்டிருப்பவர் ஒருவராகவும், உதவித்தொகை வந்துசேரும் வங்கிக் கணக்கு இன்னொருவருடையதாகவும் இருப்பது அரிதல்ல.

கூலி இழப்பை அளக்கவே முடியாது, அளந்தால் ஊரே கையை நீட்டும் என்பது அதிகாரிகளிடம் கேட்கக்கூடிய மறுப்பு. இதில் உண்மை இருந்தாலும் முழு உண்மை இல்லை. 33 சதவீதச் சேதம் என்பதும் வருவாய்த் துறையினரும் வேளாண்மைத் துறையினரும் வரப்பில் நின்று பார்த்து எழுதும் மதிப்பீடுதான். அதை ஏற்கும் நிர்வாகம் கூலியில் மட்டும் துல்லியம் கேட்பது பொருந்தவில்லை. தவிர, வேலை இழந்த நாட்களுக்குப் பணம் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடை இருக்கும்போது மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தரப்படுகிறது. 5,000 ரூபாயாக இருந்த அது 8,000 ஆக உயர்த்தப்பட்டது. மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுபோவதால் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. இரண்டிலும் யாரும் நிலப் பட்டா கேட்பதில்லை. தொழிலில் இருப்பதற்கான பதிவு இருந்தால் போதும். மத்திய அரசின் பேரிடர் நிவாரண நெறிமுறையிலேயே, வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் இரண்டு பெரியவர்களுக்கு ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியை அடிப்படையாகக் கொண்டு உதவி வழங்க இடமிருக்கிறது. அதை ஒட்டுமொத்தத் தொகையாகச் சுருக்கிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது, தேர்தல் மேடையிலும் சொல்ல வசதி.

குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் காப்பீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து, வெப்பநிலை ஓர் அளவைத் தாண்டினாலே முறைசாராத் தொழிலில் இருக்கும் பெண்களின் கணக்கில் சிறு தொகை தானாகச் சேரும் ஏற்பாட்டை நடத்துகிறது. 2024 கோடையில் பல்லாயிரம் பெண்களுக்குப் பணம் கிடைத்தது. தொகை சிறிது. ஆனால் இழப்பை ஒவ்வொருவராக நிரூபிக்க வேண்டாம் என்ற ஏற்பாடு இங்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது. ஒரு வருவாய்க் கிராமத்தில் பயிர்ச்சேதம் 33 சதவீதத்தைத் தாண்டியதாக அரசே அறிவித்துவிட்டால், அந்தக் கிராமத்தின் உழவுக் கூலிகள் வேலை இழந்தார்கள் என்பதற்குத் தனிச் சான்று எதற்கு? நிலத்துக்காரருக்கு ஹெக்டேர் கணக்கில் தொகை போகும் அதே ஆணையில், கூலிக்காரருக்கு நாள் கணக்கில் தொகை போகலாம். நூறு நாள் வேலையைக் கூடுதல் நாட்களாக நீட்டிப்பதைவிட இது வேகமானது, ஏனென்றால் மூழ்கிய ஊரில் மண்வேலை நடத்த முடியாது, நடத்தினாலும் ஊதியம் வருவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை 2024 இறுதியிலிருந்து நிலுவைக்காகக் காத்திருந்த பெண்கள் அறிவார்கள்.

கூலிக்காரர் யார் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் விடை அரசின் அலமாரியிலேயே இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம், சிறு, குறு உழவர்களோடு நிலமற்ற வேளாண் தொழிலாளர்களையும் 18 முதல் 65 வயதுவரை உறுப்பினராக்கி அட்டை வழங்குகிறது. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், விபத்து மரணத்துக்கு நிதி என்று அதன் பயன்கள் உள்ளன; பருவம் பொய்த்தாலோ வெள்ளம் வந்தாலோ என்ன கிடைக்கும் என்பது அதில் இல்லை. அந்த ஒரு பயனைச் சேர்க்கச் சட்டம் எழுத வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். கடினமான பகுதி பதிவேட்டைச் சரியாக்குவது: சூளைக்குப் போய் ஊரில் இல்லாதவர்கள், அட்டை இல்லாத இருளர் குடும்பங்கள், கணவர் பெயரில் மட்டும் பதிவு இருக்கும் வீடுகளின் பெண்கள் ஆகியோரை உள்ளே கொண்டுவருவது. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கிறது. கிராமக் கணக்குகள் அனைத்தும் மேசைக்கு வருகின்றன. நிலக் கணக்கோடு இந்தப் பதிவேட்டையும் அங்கே சரிபார்த்தால், ஐப்பசி மழைக்கு முன் நான்கு மாதங்கள் கையில் இருக்கும்.